எண்ணெயில் பொரிந்த வாழ்த்து

ஒரு சொல்லைக் கேட்டால் தாக் மியோக்குக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். அந்தச் சொல் ‘ஹ்வைட்டிங்’. கையை முஷ்டியாக மடக்கி, தோளுக்கு மேலே தூக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். முட்டி மோது, ஜெயித்துவிடுவாய் என்று ஊரார் அதற்குப் பொருள் சொல்வார்கள். கொரியாவின் குன்சான் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினாறு வருடம் வெந்தவள் மியோக். அவளுடைய அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான்: உனக்காக ஒரு துரும்பையும் நான் கிள்ளிப் போடப் போவதில்லை.

‘ஹிம்னேயோ’ என்று இன்னொன்று. தெம்பை வரவழைத்துக்கொள் என்பார்கள். எங்கிருந்து வரவழைப்பது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவள் புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய வருடம், அந்தச் சொல்லைத் துணியில் அச்சடித்துத் தெருவுக்குத் தெரு கட்டினார்கள். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் அந்தத் துணிகளுக்குக் கீழேதான் வீட்டுக்கு நடந்து வந்தான். துணி நைந்து கிழிந்த பிறகும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை.

இந்தச் சொற்களையெல்லாம் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் பள்ளியின் நிர்வாக மேலாளர் மேங் தூஷிக். காலை எட்டு மணிக்குச் சமையலறை வாசலில் நிற்பார். உள்ளே மட்டும் வர மாட்டார். தரை ஈரம், காலணி பாழாகிவிடுமாம். பெண்கள் ஆறு பேரும் கத்தியையும் கரண்டியையும் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்று, அவரோடு மூன்று தரம் ஹ்வைட்டிங் கத்த வேண்டும். போகும்போது ‘சுகோஹசேயோ’ என்பார். விடாமல் பாடுபடுங்கள் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். என்ன பிறவியோ!

புதன்கிழமை என்றால் பிள்ளைகளுக்கு விசேஷச் சாப்பாடு. அறுநூற்று நாற்பது பன்றிக்கறிக் கட்லெட்டுகளைப் பொரிக்க வேண்டும். எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே ஒரு புகைக்கூண்டு, அதற்குள் மின்விசிறி. விசிறி சுற்றும், ஊரைக் கூட்டும் இரைச்சலும் போடும், புகையை மட்டும் இழுக்காது. மேலாளருக்கு உடன்பிறப்பு போல.

அந்தக் கொப்பரை முன்னால் மியோக்குக்கு முன்பு நின்றவள் கில்ஜா. போன வருடம் நுரையீரலில் புற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் மியோக்கின் நுரையீரல் ஸ்கேன் படத்திலும் ஒரு புள்ளி. “ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம், புகைகிட்டப் போகாதீங்க” என்றார் டாக்டர். போகாவிட்டால் சோறு யார் போடுவது?

“சார், அந்த ஃபேனை மாத்தித் தாங்க. கில்ஜா அக்கா இருந்தப்பவே எழுதிக் கொடுத்தோம்” என்று வாசலில் மேலாளரை மறித்துக் கேட்டாள்.

“சுத்துதே அம்மணி, இங்க வரைக்கும் சத்தம் கேக்குதே!”

“சத்தம் கேட்டு என்ன பண்றது? இழுக்கலையே.”

“அடுத்த வருஷ பட்ஜெட்ல பாத்துக்கலாம். நீங்க எங்க இரும்பு மனுஷி இல்லையா? ஹ்வைட்டிங்!”

இரும்பு மனுஷியாம். இரும்புகூடத் துருப்பிடிக்கும் என்று அந்த ஆளுக்கு யார் சொல்வது?

அடுத்த மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. மேலாளருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ‘சமையலறைத் தாய்மார்களே, ஹிம்னேயோ!’ என்று இருநூறு அட்டைகள் அச்சடித்தார். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. எழுத்தைவிடக் கையெழுத்து பெரிது. அதிகாரி வந்ததும், சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

“கூடத்துல என்ன சார் இருக்கு? வேலை செய்யற இடத்துல எடுத்தாதானே பாக்க நல்லாருக்கும்!” என்றாள் மியோக்.

இவளும் ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று மேலாளருக்கு வாயெல்லாம் பல். அதிகாரி வரும் நாள் புதன்கிழமை என்பது அவர் மண்டையில் உறைக்கவே இல்லை.

அதிகாரி உள்ளே வந்தபோது கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. மியோக் நாற்பது கட்லெட்டுகளை ஒரே வீச்சில் இறக்கினாள். புகை குபுகுபுவென்று எழும்பியது. மேலாளர் நடுவில் நின்று முஷ்டியைத் தூக்கினார். முதல் ஹ்வைட்டிங் வந்தது. இரண்டாவது பாதி வந்தது. மூன்றாவதுக்கு இருமல்தான் வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுகின. பக்கத்தில் அந்த அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இந்த ஃபேன் வேலை செய்யுதா?” என்று கேட்டார் அதிகாரி.

“சார் சுத்துதுன்னு சொல்றாரு மேடம். பாத்துருவோமா?”

மியோக் ஒரு வாழ்த்து அட்டையை இடுக்கியில் பிடித்து, கூண்டின் கம்பி வலையில் ஒட்டினாற்போல் வைத்தாள். காற்று இழுத்தால் அட்டை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சமையலறைப் பெண்கள் எப்போதும் செய்யும் சோதனை அது. இடுக்கியை எடுத்தாள். அட்டை இரண்டு முறை ஆடி, நேராகக் கொப்பரைக்குள் விழுந்தது. மேலாளரின் கையெழுத்து கட்லெட்டுகளுக்கு நடுவே சுருண்டு, பொன்னிறமாகப் பொரிந்தது.

“ஐயோ, இந்த நாப்பதும் போச்சே” என்றாள் மியோக். பிறகு மேலாளரின் முதுகை மெல்லத் தட்டினாள். “ஹிம்னேயோ, சார்.”

பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, கைப்பேசியை எடுத்துக் கூண்டைப் படம் பிடித்தார்.

பதினோராம் நாள் புது விசிறி வந்தது. அடுத்த வருட பட்ஜெட் எப்படி இந்த வருடத்துக்கு ஓடி வந்தது என்று மேலாளரை யாரும் கேட்கவில்லை. ‘நமது ஹ்வைட்டிங் உணர்வின் வெற்றி’ என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டார். வெட்கம் என்பதை விலைக்கா வாங்க முடியும்? மியோக் மிச்சமிருந்த அட்டைகளிலிருந்து ஒன்றை எடுத்துத் தினமும் காலையில் வலையில் வைத்துப் பார்த்தாள். இப்போது பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

புது விசிறி வந்த அன்று சாயங்காலமே கில்ஜாவுக்குப் போன் செய்திருந்தாள்.

“அக்கா, ஃபேன் மாத்திட்டாங்க.”

“இழுக்குதா?”

“இழுக்குது.”

கில்ஜாவுக்கு மூச்சு வாங்குவது போனில் கேட்டது.

“போன வருஷமே மாத்தியிருக்கலாம்டி” என்றாள்.

ஹிம்னேயோ என்ற சொல் தானாகவே மியோக்கின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சீ என்று அதை விழுங்கினாள்.

“நாளைக்கு நாலு மணிக்கு வரேன் அக்கா. நத்தைக் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டு வரேன். துணியெல்லாம் எடுத்து வை, தொவைச்சுப் போடறேன்.”

“உப்பு கம்மியாப் போடு” என்றாள் கில்ஜா.