கழுவாமல் வைத்த தட்டு

பொழுது சாய்கிற நேரம் வந்தாலே என் கண் ஜன்னலுக்குப் போய்விடும். மாமா போய் இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "விஜயா, உனக்கு நடந்ததை எழுதிக் கொடு, நாலு பேருக்கு உதவும்" என்றார்கள். எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்ல வராது, வாயும் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மாமா என்றால் என் மாமனார். எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர். வெயிலோ மழையோ, சைக்கிளை வேகமாக மிதித்துப் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவார். சூரியன் மறைந்த பிறகு அவர் வாயில் ஒரு பருக்கை பட்டதில்லை. நம் சமணர் வீடுகளில் எல்லோருக்கும் அந்த வழக்கம்தான். ஆனால் ரயிலில், வெளியூரில் நம்மில் பலர் கொஞ்சம் அப்படி இப்படி இருந்துவிடுவோம். அவர் இருந்ததே இல்லை. என் கல்யாணத்தன்று சம்பிரதாயம் எல்லாம் முடிய இருட்டிவிட்டது. மாப்பிள்ளையைப் பெற்ற மனுஷர் வெறும் வயிற்றோடு பாயை விரித்துப் படுத்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, செருப்பு. பிறகு ஹாஸ்டலில் படிக்கிற பேத்தியின் பெயர். அப்புறம் என் பெயரும் போயிற்று. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். சாயங்காலத்தைத்தான் தாங்க முடியவில்லை.

ஐந்து மணிக்கே சுடச்சுடப் பரிமாறிவிடுவேன். வயிறாரச் சாப்பிடுவார். கையைக் கழுவிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவார். நான் உடனே தட்டைத் தேய்த்து, இடத்தைத் துடைத்துவிடுவேன். இருட்டின பிறகு எச்சில் கிடந்தால் எறும்பும் பூச்சியும் வந்து விழுந்து சாகும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். வெளிச்சம் மங்கினதும் ஆரம்பித்துவிடும்.

"ஐயையோ, பொழுது போவுதே! எனக்கு இன்னும் சோறு போடலையே!"

"இப்பத்தானே சாப்ட்டீங்க மாமா."

"யாரு, நானா? பொய் சொல்றியே, உன் நாக்கு அழுவிடாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆக்கிப் போட்டவளுக்குப் பொய்க்காரி பட்டமா? "மூணு கரண்டி சோறு, ரெண்டு தரம் ரசம்! போட்டவளுக்குத் தெரியாதா?" என்று நானும் கத்துவேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். நேரே எதிர்வீட்டு ராஜம்மா அக்கா வாசலில் போய் நிற்பார். "ரெண்டு நாளா பட்டினிம்மா. சோத்தையே கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்க." அவர்கள் வீட்டில் ஓடுகிற தறி நின்றுவிடும். எல்லோரும் வெளியே வந்து என்னைப் பார்ப்பார்கள். நான் பூமிக்குள் போய்விட மாட்டேனா என்று நிற்பேன்.

அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிடும். வேலையை முடித்துவிட்டு உட்காரலாம் என்று வைத்த என் சாப்பாடு அடுப்படியில் மூடினபடி கிடக்கும். எனக்கும் அதே வழக்கம்தானே! தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன். வாரத்தில் நாலு நாள் இப்படி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். கடையைச் சாத்திவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வருவார். தன் சாப்பாட்டைக் கடையிலேயே ஐந்தரைக்குள் முடித்துக்கொள்வார். அவர் வருகிற நேரத்துக்கு மாமா குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருப்பார். நான் சொன்னால், "பெரியவர்தானே, விட்டுப்பிடி" என்பார். டாக்டரிடம் காட்டினோம். "மறதி நோய். மருந்து பெருசா ஒண்ணும் இல்ல. எதிர்த்துப் பேசாதீங்க" என்றார். அப்படியானால் சாப்பிட்டவரைச் சாப்பிடவில்லை என்று சொல்லவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு நாள் மாமா சொம்பைத் தூக்கி எறிந்தார். என் புருவத்தில் பட்டு ரத்தம் கொட்டியது. அன்று ராத்திரி வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"போதும் விஜி. தாம்பரம் பக்கம் ஒரு ஹோம் இருக்குதாம். வர்ற மாசம் விட்டுடலாம்."

"அங்க எத்தினி மணிக்குச் சாப்பாடு?"

"எட்டு மணிக்காம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரு வாழ்நாள் விரதம் ஹோமில் ஒரே நாளில் போய்விடும். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என் மண்டை போய்விடும். அந்த மாதம் முடிவதற்குள் ஏதாவது வழி வேண்டும் என்று நானும் துடித்தேன். பொறுமைதான் வரவில்லை.

இனிமேல் எழுதப்போவது என் பாவம். மறைத்தால் இது சாட்சியே இல்லை.

கார்த்திகை மாதம், தூறல். அன்றைக்கும் அதே கூத்து. தெருவில் இறங்கி, நனைந்து, கூட்டிக்கொண்டு வந்தேன். "சோறு, சோறு" என்று சுவரைத் தட்டுகிறார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. என் பங்குச் சோற்றைத் தட்டில் அள்ளிப் போட்டு, லைட் எரிகிற கூடத்தில் அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன். "இந்தாங்க, தின்னுங்க! விரதமாவது ஒண்ணாவது!"

உட்கார்ந்தார். பிசைந்தார். கவளத்தை வாய்வரை கொண்டுபோனவர், ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே கும்மிருட்டு. கை அப்படியே நின்றது. கவளத்தை மெதுவாகத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தப்பா நினைக்காதம்மா. நான் இருட்டுல சாப்பிடறதில்ல. நாளைக்குப் பொழுதோட வர்றேன், கொஞ்சம் போடு."

யாரோ ஒரு வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னார். பெயர், ஊர், உறவு எல்லாம் மறந்த மனுஷருக்கு அது மட்டும் மறக்கவில்லை. அவருக்கு வந்தது பசி இல்லை, பயம். வேளை தவறிவிட்டதே, இனி விரதம் கெடாமல் சாப்பிட முடியாதே என்கிற பயம். ஒரு வருஷமாக அவரோடு சண்டை போட்ட எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அடிப்பாவி, அந்த மனுஷருக்கா நீ இதைச் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கோவிலுக்கு ஓடினேன். நம் பகவான் விருப்பு வெறுப்பு இல்லாதவர், யாருக்கும் வரம் கொடுப்பதில்லை என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தும் போய் நின்றேன். வேறு எங்கே போய் நிற்பது? "சுவாமி, அவருக்கு ஞாபகம் திரும்ப வேணும்னு நான் கேக்கல. சாப்ட்டாச்சுங்கற நிம்மதி மட்டும் குடு. எனக்குக் கொஞ்சம் பொறுமை குடு. இல்லாட்டி நான் மனுஷியா இருக்க மாட்டேன்." சத்தமாகவே அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அன்று சாயங்காலம் முருங்கைக்காய் சாம்பார். மாமா சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்தார். நான் தட்டை எடுக்கக் குனிகிறேன், எதிர்வீட்டிலிருந்து குரல்.

"விஜயா, ஓடியா! குழாய்ல தண்ணி வந்துக்கினு இருக்குது, நின்னுடப் போவுது!"

இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டு அப்படியே கிடந்தது. என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, நான் எச்சில் தட்டைப் போட்டுவிட்டுப் போனதே இல்லை. வரிசையில் நிற்கும்போது இருட்டத் தொடங்கியது. வெளியே போயிருப்பாரோ, ரோட்டுக்கே போயிருப்பாரோ? பாதிக் குடத்தோடு திரும்பி ஓடி வந்தேன்.

மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மென்று துப்பின முருங்கைக்காய்ச் சக்கையை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருங்கைக்கா சாம்பார் போலிருக்குதே."

"ஆமா மாமா."

"நான்தான் சாப்ட்டிருக்கேன். நல்லா மென்னிருக்கேன், பாரு." தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். "இருட்டறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்று அழுதேன். நான் தொண்டை கிழியச் சொல்லியும் நம்பாதவர், தட்டைப் பார்த்து நம்பிவிட்டார். சாப்பிட்டதற்கான அடையாளத்தை நானேதான் தினமும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அதற்குப் பிறகு தட்டை உடனே கழுவுவதை நிறுத்தினேன். பூச்சி விழாமல் இருக்க, நாம் தண்ணீர் வடிகட்டுகிற மெல்லிய துணியைத் தட்டின் மேல் இழுத்துக் கட்டினேன். ராஜம்மா அக்கா பார்த்துவிட்டு, "எச்சில் தட்டைக் கட்டி வச்சுக்கினு இருக்கியே, வீடு வெளங்குமா?" என்றாள். "அக்கா, அது கெடக்கறதாலதான் உங்க தறி நிக்காம ஓடுது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாயமந்திரம் எல்லாம் இல்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் தட்டைப் பார்த்தும் நம்ப மாட்டார். ஒரு நாள் தட்டையே தள்ளிவிட்டார். ஆனால் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். "தட்டைப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். பொழுது சாய்வதற்கு முன்பே லைட்டைப் போட்டுவிடுவேன். தெருவில் இறங்குவது குறைந்து, நின்றே போயிற்று. மாதம் முடிந்தது. வீட்டுக்காரர் ஹோம் பேச்சையே எடுக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள். மாமா சாப்பிட்டு முடித்தார். நான் வழக்கம்போல அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். துணியைக் கட்டி, லைட்டைப் போட்டு, கூடத்தைப் பெருக்கி. திடீரென்று என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். மறுபடி ஆரம்பிக்கிறது என்று தட்டைக் காட்டக் கையை நீட்டினேன்.

"என் தட்டு இங்க இருக்குது. உன் தட்டு எங்கம்மா?"

நான் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"நீ சாப்பிடலையா? யாரு பெத்த பொண்ணோ, ஓடிக்கினே இருக்கியே. பொழுது இன்னும் இருக்குது. உக்காரு. சாப்பிடு."

ஒரு வருஷத்துக்கு மேலாக நான் வெறும் வயிற்றோடு படுப்பதை, நினைவெல்லாம் உள்ளவர்கள் யாரும் பார்க்கவில்லை. நினைவில்லாத மனுஷர் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்ணீரும் சோறும் ஒன்றாகத்தான் உள்ளே போயின. முடிக்கும் வரை அவர் ஜன்னலையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டது அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கும் சேர்த்துக் கிடைத்தது. மறுநாளிலிருந்து இரண்டு தட்டையும் ஒன்றாகத்தான் போட்டேன்.

இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். போன அன்றைக்கும் பொழுதோடு சாப்பிட்டார்.

பகவான் கொடுப்பாரா மாட்டாரா என்று வாதம் பண்ண எனக்குப் படிப்பில்லை. அழுதுகொண்டு போய் நின்றேன், அன்று சாயங்காலமே வழி தெரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நீங்களும் ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தால், வெட்கப்படாமல் போய் நில்லுங்கள். பெரிதாகக் கேட்க வேண்டாம். அன்றைய சாயங்காலத்துக்கு மட்டும் கேளுங்கள்.

எழுதிக்கொண்டே இருந்ததில் ஐந்தரை ஆகிவிட்டது. கண் ஜன்னலுக்குப் போகிறது. இதோடு நிறுத்துகிறேன், நான் இன்னும் சாப்பிடவில்லை. பொழுது இருக்கிறது.