கேட்டலோனியாவின் மேல் வயிற்றெரிச்சல்

கூடப் பிறந்தவர்கள்மேல் பொறாமைப்படாத பிள்ளை உலகத்தில் இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் அந்தக் கடமையை நான் ஒரு நாட்டின்மேல் செய்து தீர்த்துக்கொண்டேன். அதை நாடு என்று சொல்லலாமா கூடாதா என்பதுதான் அங்கே தகராறே. அதெல்லாம் அப்போது எனக்கு ஒரு பொருட்டில்லை. அந்த ஊர் என் அப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். அந்த வருஷம் பார்சிலோனாவிலிருந்து பெரிய பெரிய மரப்பெட்டிகளில் ஒரு மிஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு இன்ஜினியரும் கூடவே வந்தார். அவருக்குத் துணையாக அப்பாவைப் போட்டார்கள். முதல் நாள் அப்பா அவரை "ஸ்பெயின் சார்" என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, தான் ஸ்பெயின்காரர் இல்லை, கேட்டலோனியாக்காரர் என்று அரை மணி நேரம் விளக்கினாராம். அன்றைக்குச் சாயந்திரம் அப்பா வீட்டுக்கு வரும்போதே வேறு ஆளாக வந்தார்.

அதற்கு முன்னால் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அப்பா என்னோடு தாயம் ஆடுவார், இல்லாவிட்டால் நான் சொல்லும் பள்ளிக்கூடக் கதைகளுக்கு உம் கொட்டிக்கொண்டே தூங்கிப்போவார். இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே ஐரோப்பாவைப் பிரித்துப் போட்டார். ஸ்காட்லாந்தில் ஓட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போக வேண்டாம் என்று இருந்துவிட்டார்களாம். பெல்ஜியத்தில் ஒரு பாதி ஒரு பாஷை, மறு பாதி இன்னொரு பாஷையாம், ஒரு பாதி தனியாகப் போய்விடலாமா என்று யோசிக்கிறதாம். கார்சிகா என்று ஒரு தீவாம், அவர்களுக்கும் மனத்தாங்கலாம். ஒருநாள் நான், "அப்பா, நான் ஏ செக்‌ஷனா பி செக்‌ஷனா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு "பி" என்றார். நான் ஏ. ஸ்காட்லாந்து என்ன சொன்னது என்று தெரிந்த மனுஷருக்குச் சொந்த மகள் எந்த வகுப்பில் உட்காருகிறாள் என்று தெரியவில்லை. எனக்கு எரியுமா எரியாதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்த இன்ஜினியரைச் சாப்பிடக் கூட்டிவந்தார். நெடுநெடுவென்று இருப்பார், வாசல் நிலையில் ஒவ்வொரு தடவையும் தலையை இடித்துக்கொள்வார். கம்பெனியில் யாரோ சொல்லிக்கொடுத்து அப்பாவை "அண்ணா" என்று கூப்பிடுவார். தம்பி இல்லாத அப்பா அதிலேயே குளிர்ந்துபோனார். களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து முழுங்க வேண்டும் என்று அவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். எனக்கு அதே பாடம் சின்ன வயதில் முதுகில் ஒரு தட்டோடு நடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கறிக்குழம்பில் நல்லி எலும்பு எப்போதும் எனக்குத்தான். அதை எடுத்து அப்பா அவர் தட்டில் வைத்தார். அவர் உறிஞ்சத் தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை, நான் பேசாததை யாரும் கவனிக்கவும் இல்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தாய்வீடு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு கிராமம். எங்களிடம் தமிழ் பேசுவாள், காய்காரம்மாவிடம் தெலுங்கு பேசுவாள், தன் அக்காவோடு போனில் கன்னடம் பேசுவாள். அதற்கு முந்தைய வருஷம் காவிரித் தகராறில் எல்லையில் பஸ் நின்றுபோன சமயம், அப்பா அவளிடம், "மாடியில நின்னுக்கினு போன் பேசாத, உள்ள வந்து மெதுவாப் பேசு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னார். தகராறு ஓய்ந்து பஸ்கள் ஓடத் தொடங்கின. அம்மா மட்டும் அதற்குப் பிறகு போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள்தான் போவாள்.

அந்த இன்ஜினியரிடம் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அதுவும் அப்பா மூலமாக. "அவங்க பாஷைய அந்த ஊர்ல சத்தமாப் பேசலாமா, கேளுங்க." அப்பா கேட்டுச் சொன்னார். இன்ஜினியருடைய அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பேச விடமாட்டார்களாம், இப்போது தாராளமாகப் பேசலாமாம். அம்மா தலையை ஆட்டிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். இவளும் அந்தக் கட்சிக்குப் போய்விட்டாள் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

என் பொறாமை முற்றியது ஆயுத பூஜையன்று. எங்கள் ஊரில் அன்றைக்குக் கம்பெனிக்குள் குடும்பத்தோடு போகலாம். மிஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அப்பா பார்க்கிற மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் உரிமை. பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்திப் புது மிஷின் முன்னால் போய் நின்றேன். அப்பா கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி இன்ஜினியரிடம் கொடுத்தார். "சாரு வைக்கட்டும்மா, அவங்க ஊரு மிஷினு" என்றார். அவர் குனிந்து, பெயின்ட் அடிப்பதுபோல் பட்டையாகச் சந்தனத்தைப் பூசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பொரிப் பொட்டலத்தை வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் ஊரில், ஸ்பெயினை விட்டுத் தனியாகப் போகலாமா என்று ஓட்டு. ஸ்பெயின் அரசாங்கம் அந்த ஓட்டே கூடாது என்று தடை போட்டிருந்ததாம். மிஷின் ஓடாமல் அவரை அனுப்ப முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டதால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து போனிலேயே பார்த்தார். புரட்டாசி மாதம், கறி இல்லை, களியும் கீரைக் கடைசலும்தான். அதையும் அவர் தொடவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட வாசலில் தலைக்கவசம் போட்ட போலீஸ்காரர்கள், ஓட்டுப் போட வந்த வயதானவர்களை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தன் சொந்தப் பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அவர் அழத் தொடங்கினார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. பிரிந்து போவதா கூடாதா என்று தானே இன்னும் முடிவு செய்யவில்லை, எங்களை ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா என்றுதான் கோபம் என்றாராம். அப்பா பாவம் தாங்கமாட்டாமல், அவர் பையில் மடித்து வைத்திருந்த அவருடைய ஊர்க் கொடியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் அதைக் கட்டினார். "பாருங்க சார், இங்கயாவது பறக்கட்டும்" என்றார்.

மஞ்சள் துணி, நடுவில் சிவப்புக் கோடுகள். எங்கள் ஊரில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து பறந்தால் அது எந்தக் கொடி என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஸ்டாண்டு அதே இரண்டு நிறம்தான். ஓசூரில் அதை யாரும் தங்கள் மாடியில் கட்டமாட்டார்கள். இது கட்டிய அப்பாவுக்கும் தோன்றவில்லை, அவர் மனசு பார்சிலோனாவில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் முன்னால் வர, தெருப் பையன்கள் அவர் பின்னால் மாடி ஏறி வந்தார்கள்.

"என்னாப்பா இது, கன்னடக் கொடியக் கட்டிக்கினு? சம்சாரம் அந்தப் பக்கம்னு தெரியும். அதுக்காக எம் மாடியிலயா?" என்றார் வீட்டுக்காரர். அப்பாவிடம் பேசினாலும் அவர் பார்த்தது அம்மாவைத்தான். பையன்களும் அம்மாவையே பார்த்தார்கள். அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டீர்களே, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணா, அது இல்லீங்க இது. கிட்ட வந்து பாருங்க, கோடு கோடா இருக்குது. இந்தா, சாரு ஊரு கொடி. பார்சிலோனா" என்று இன்ஜினியரை இழுத்து முன்னால் நிறுத்தினார். பார்சிலோனா என்றதும் ஒரு பையன், "ஃபுட்பால் ஆடற பார்சிலோனாவாண்ணா?" என்றான். அதோடு எல்லாம் மாறிப்போனது. ஆளாளுக்குக் கொடிக்குக் கீழே அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரும் வேட்டியைச் சரி செய்துகொண்டு ஒரு படத்தில் நின்றார். அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் சத்தமாகச் சிரித்து, "நானு போயி என் வீட்ல கன்னடக் கொடியக் கட்டுவனாண்ணா? எனுக்கு என்னா புத்தி கெட்டாப் போச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா காபி போட்டு எடுத்துவந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள், வீட்டுக்காரருக்கு முதலில்.

கொடி சாயந்திரம் வரைக்கும் பறந்தது. இன்ஜினியர் அதை மடித்து எடுத்துக்கொண்டு, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு போனார். அப்பா கால் நீட்டி உட்கார்ந்து, "சும்மா சொல்லக் கூடாது, ஒரு நிமிசம் பயந்தே போய்ட்டேன்" என்றார். அம்மா முற்றத்துக் குழாயடியில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது எங்கூருக் கொடியாவே இருந்திருந்தா?" என்றாள்.

அப்பா போனை எடுத்துப் பார்த்தார்.

"கேக்கறேன்ல" என்றாள்.

ஒரு மாதமாக ஸ்காட்லாந்து, பெல்ஜியம் என்று எனக்குப் பதில் தெரியாத கேள்விகளே அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தன. இதற்கு எனக்குப் பதில் தெரியும். வகுப்பில் கை தூக்குவதுபோல் முந்திக்கொண்டு, "உடனே அவுத்து எறிஞ்சிருப்பாரு, இல்லப்பா?" என்றேன்.

அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். தாயக்கட்டையை எடுத்து வரச் சொன்னார். சரியான பதிலுக்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்தேன். ரொம்ப நேரம் ஆடினோம், நானே ஜெயித்தேன். குழாயடியில் அம்மா கழுவின டம்ளர்களையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தூரத்து ஊரைப் பார்த்து எங்கள் வீட்டில் வயிறெரிந்தது எனக்கு மட்டும்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.