ஆறு ராத்தல்

தராசு என்றாலே எனக்குக் கொழுந்துத் தராசுதான் நினைவுக்கு வரும். புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மூன்று கம்புகளை முக்காலிபோல் கட்டி, நடுவே அதைத் தொங்கவிடுவார்கள். வட்ட முகம், கறுத்த ஒற்றை முள், அடியில் வளைந்த ஒரு கொக்கி. பெண்கள் கொழுந்தைச் சாக்கில் கொட்டிக் கொக்கியில் மாட்டினால், கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எடையை ராத்தலில் சொல்லுவார். சாக்கு மாட்டாத நேரத்தில்கூட அந்த முள் பூச்சியத்தில் நிற்காது. அதற்குப் பின்னால் தள்ளியே நிற்கும். எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்க முடியாது. "இந்தத் தராசு மொதல்ல தன் வயித்த ரொப்பிக்கிட்டுத்தான் நமக்குப் பேசும்" என்று அம்மா சாயந்தரம் வந்து திட்டுவாள். திட்டிக்கொண்டே அடுப்பு மூட்டுவாள்.

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம் "காய்ச்சலில் போய்விட்டார்" என்று சொல்லி முடித்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை. உங்களுக்கும் இப்போது வளர்கிற வயது வந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை; நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, தோட்டத்தில் வாரத்துக்கு நாலு நாள் வேலை கிடைத்தாலே பெரிது. அண்ணனும் நானும் கண்டியில் பாதிரிமார் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்தோம். எனக்கும் அவனுக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். எங்களை விடுதியில் வைத்திருந்தது படிப்பல்ல, அண்ணனுடைய கை. குத்துச்சண்டையில் நூறு ராத்தலுக்கு உட்பட்ட பையன்களுக்கான கோப்பையை அவன் முந்தின வருஷம் வாங்கியிருந்தான். இந்த வருஷமும் வாங்கினால் இருவருக்கும் விடுதியில் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டியதுதான் என்று விடுதியைப் பார்த்துக்கொண்ட சாமி முன்னமே சொல்லிவிட்டார். வேறு வழி என்றால் எங்களுக்கு ஒன்றுதான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவது.

ஆனால் அண்ணனுக்கு அந்த வருஷம் பதினைந்து. சட்டைக் கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டன. குரல் உடைந்து, பூசையில் பாடும்போது மற்ற பையன்கள் சிரித்தார்கள். எப்போது பார்த்தாலும் பசி. நூறைத் தாண்டினால் அடுத்த பிரிவில் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்களோடு மோத வேண்டும். அந்தப் பிரிவுக்கு எங்கள் பள்ளியில் வேறு ஒருவனும் இருந்தான். அதனால் அவன் தன் உடம்பை வேவு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டான். வளர்வதே ஒரு குற்றம் மாதிரி ஆகிவிட்டது.

போட்டிக்கு முன் வந்த விடுமுறையில் தோட்டத்துக்குப் போனோம். அம்மா எங்கிருந்தோ முட்டை வாங்கி வைத்திருந்தாள். அண்ணன் தொடவில்லை. "நிறுத்துப் பாத்துட்டுத் திங்கிறேம்மா" என்றான். சாயந்தரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கொக்கியில் சாக்கைத் தொட்டில்போலக் கட்டி அதில் ஏறி உட்கார்ந்தான். பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்னா ஐயா, இது முத்தல் எலையா இருக்கே, எடுப்பீங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஈரம் ரெண்டு ராத்தல் கழிச்சுக்கங்க ஐயா!" என்றாள் இன்னொருத்தி. அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணக்கப்பிள்ளையும் சிரித்தபடி, "தொண்ணூத்தாறு" என்றார்.

"இன்னும் நாலு ராத்தல் இருக்குடா தம்பி!" என்று அண்ணன் சாக்கிலிருந்து குதித்தான். அந்த மூன்று வாரமும் அவன் சாப்பிட்டதுபோல் நான் யாரையும் பார்த்ததில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் மறுபடி ஏறினான். தொண்ணூற்றொன்பது. எல்லாம் சரியாக இருந்தது.

கண்டியில் குத்துச்சண்டை மாஸ்டர் அவனை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய் மேடைத் தராசில் ஏற்றினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும்.

"நூற்றைஞ்சு. என்னடா இது?"

"தோட்டத்துல தொண்ணூத்தொம்பதுதான் சார் காட்டிச்சு."

"தோட்டத்துத் தராசிலை நிறுக்கிறதுக்கு நீ என்ன தேயிலையே? ஆறு நாள் கிடக்கு. இறக்கு. இல்லையெண்டால் நான் வேறை பெடியனைப் போடுறன்."

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அண்ணன் தோட்டத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் குளத்தைச் சுற்றி ஓடினான். வாயில் புளியங்கொட்டையை அடக்கி எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். சாப்பாட்டு மேசையில் தட்டை ஒதுக்கினால் சாமி கேள்வி கேட்பார் என்று, அவன் தட்டில் இருந்ததையும் நான் தின்றேன். ஆறு நாளும் இரண்டு பேர் சோறு எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

கடைசி மூன்று நாள் தண்ணீரையும் விட்டான். "நான் கேட்டாலும் குடுக்கக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். ஐந்தாம் நாள் பகலில் ஓடிவிட்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தான். உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. "ஒரு வாய் மட்டும் குட்றா தம்பி" என்றான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு சிரித்து, "நீதான்டா ஆளு" என்றான்.

போட்டியன்று காலையில் சரியாக நூறு. மாஸ்டர் அவன் தோளைத் தட்டினார். அதன்பின் குடித்த தண்ணீர் வயிற்றில் தங்காமல் வாந்தியாக வந்தது. பகலில் கோப்பைக்கான சண்டையில் மூன்று சுற்றும் நின்று புள்ளிகளில் வென்றான். அவன் மீது பலமான அடி ஒன்றுகூட விழவில்லை; நான் பக்கத்திலேயே நின்றேன். நடுவர் அவன் கையை உயர்த்திப் பிடித்து, பிறகு விட்டபோது அந்தக் கையோடு அவனும் கீழே வந்தான்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கொதித்தது. சிறுநீர் இறங்கவே இல்லை. "வளர்ற பிள்ளைக்கு இப்பிடியா செய்வீங்க? காய்ஞ்ச மரத்துலகூட இதவிட ஈரம் இருக்கும்" என்று டாக்டர் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார். மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா செய்தி கிடைத்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அவன் கையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏன்டா பட்டினி கெடந்தான்? நாந்தான் ரொப்பி அனுப்பினேனே."

நான் சொன்னேன். தோட்டத்தில் தொண்ணூற்றொன்பது, இங்கே நூற்றைந்து என்று. அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அந்தத் தராசா? அது ஆறு ராத்தல முழுங்குறது எனக்குத் தெரியாதா? தெனம் நாந்தானே திட்டுறேன்? பக்கத்துல நின்னு சிரிச்சேனேடா... எலையத்தான் முழுங்கும்னு நெனச்சேன்."

மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

பிள்ளைகளே, ஓடுங்கள், விளையாடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரு கோப்பைக்காக வயிற்றை மூடாதீர்கள். உடம்பு வளர்கிறபோது அதற்கு ஏற்ற இடத்தைப் பந்தயம்தான் கொடுக்க வேண்டும். பந்தயத்துக்காக உடம்பை மடக்கக் கூடாது. இதை அன்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. மாஸ்டருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோப்பை வந்ததால் சாமி வாக்கைக் காப்பாற்றினார். எனக்கு இடம் நிலைத்தது. இன்னும் இரண்டு வருஷம் படித்தேன். நீங்கள் வாசிக்கும் இந்த எழுத்து அதில் வந்ததுதான். அந்த வருஷமே எனக்கும் உடம்பு நீண்டது. அண்ணனுடைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சில மாதத்தில் அதுவும் சின்னதாயிற்று.

விடுமுறைக்குப் போனபோது அம்மா எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவன விட ஒசந்துட்டே" என்றாள். உள்ளே போய்ச் சோறு போட்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தாள். என்னால் கையை வைக்க முடியவில்லை.

"தின்னு" என்றாள்.

தின்றேன். தட்டு காலியானதும் மறுபடி போட்டாள். போதும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் போதுமா என்று கேட்கவில்லை.