முந்தி விழுந்த அடி

காலை 9.40. களியக்காவிளையில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம்; டிக்கெட் முப்பத்தொன்பது ரூபாய். இரவு தங்கிவிட்டு விடிந்ததும் போனக்காடு மலைக்குப் போவதாக எண்ணம். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பார்க்காத இடம், அவ்வளவுதான்.

பாறசாலையில் இரண்டு கறுப்புப் பெட்டிகளோடு ஒருவர் ஏறினார். பெட்டிகளுக்கு இடமில்லை என்று கண்டக்டர் சத்தம் போட, ஒன்றை என் மடியில் வாங்கிக்கொண்டேன். உள்ளே டிரம்ஸின் பித்தளைத் தட்டுகள். பெயர் எபனேசர், வயது ஐம்பத்தெட்டு. திருவனந்தபுரத்தில் ஒரு சிரிப்புப் பாட்டுக் குழுவில் இருபத்தாறு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறார். பாட்டுகளுக்கு நடுவே குழுத் தலைவர் சசிதரன் ஜோக் சொல்வார். கடைசிச் சொல் விழுந்ததும் இவர் ஓர் அடி போடவேண்டும். சபை அந்த அடியில்தான் சிரிக்கும். பந்தலிலும் வேனிலும் தூங்கித் தூங்கி, வீட்டுக் கட்டிலில் தூக்கம் பிடிப்பதில்லை என்றார்.

பகல் 1.15. கோட்டைக்கு அருகே பழவங்காடியில் அவரோடு சாயா, பன்னிரண்டு ரூபாய். என்னைத் தன் வலது பக்கம் உட்காரச் சொன்னார்.

"இடது காது போயி நாலு வருசமாச்சு. வலதும் பக்கத்துல பேசினாத்தான் கேக்கும். மேடையில வெறும் இரைச்சல், கேட்டீரா?"

பாட்டுக்குப் பாதகமில்லை, தாளம் மேடைப் பலகை வழியாகக் காலில் ஏறிவிடும். ஜோக்குக்கு அவர் பார்த்தது சசிதரனின் குதிகாலை. முடிக்கிறபோது அது லேசாக உயரும். இது குழுவில் யாருக்கும் தெரியாது. போன மாதம் சசிதரனுக்குக் கால்முட்டு மாற்று ஆபரேஷன். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், கால் அசைவதில்லை. சென்ற நிகழ்ச்சியில் மூன்று ஜோக்குகளுக்கு எபனேசரின் அடி பிந்தியது. இன்றும் பிந்தினால் அடிச் சத்தத்தைக் கீபோர்டிலேயே போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்து என் கையில் வைத்தார். "முன்வரிசையில இரியும். ஜோக்கு தீந்ததும் பேப்பரத் தூக்கும். ஆளு சிரிச்ச பொறவு தூக்கினா பிரயோஜனமில்ல."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். என் மலையாளம் தம்பானூர் ஹோட்டலில் பாத்திரம் கழுவிக் கற்றது. அதைச் சொன்னேன். அது மதி, போதும் என்றார்.

பிற்பகல் 3.30. கோட்டைக்குப் பக்கத்து மண்டபத்தில் வியாபாரிகள் சங்க விழா. மின்விசிறி தலைக்கு மேல் சூட்டைத்தான் கிளறியது. ஐந்து ஜோக்குகளுக்குச் சரியாகத் தூக்கினேன். ஆறாவது, பெண் பார்க்கப் போன கதை. மாப்பிள்ளை பலகாரத் தட்டோடு ஓடினான் என்றதும் முடிந்தது என்று நினைத்துப் பேப்பரைத் தூக்கிவிட்டேன். அடி விழுந்தது. சசிதரன் வாயில் இன்னும் பாதி வாக்கியம் இருந்தது.

மண்டபம் அடங்கியது. அவர் மெல்லத் திரும்பி எபனேசரைப் பார்த்தார். எபனேசர் என்னைப் பார்த்தார். என் கை மேலேயே நின்றது.

பிறகு சசிதரன் மைக்கில் சொன்னார்: முட்டு மாற்றியது எனக்கு, ஆட்டம் கண்டது இவனுக்கு. அன்றைக்கு எழுந்த சிரிப்பில் அதுதான் பெரியது.

மாலை 5.50. மேடைக்குப் பின்னால் சசிதரன் ஊன்றுகோலோடு வந்து எபனேசரின் தோளில் தட்டினார். நாளை ஆற்றிங்கலிலும் அதே கதையில், அதே இடத்தில் முந்தவேண்டும், இனி அது ஒரு ஐட்டம் என்றார். எபனேசர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தட்டுகளைத் துணியில் சுற்றினார்.

பஸ் நிறுத்தம்வரை பெட்டியைச் சுமந்துபோனேன். மன்னிப்புக் கேட்டேன்.

"வேலை தப்பிச்சுது, பாத்தீரா. இத்தன வருசம் ஒரு அடி முந்தினதில்ல. இனி நித்தம் முந்தணும். அதுக்கும் நேரம் பாக்கணுமில்லா." பெட்டியைக் கீழே வைத்தார். "நாளைக்கி நீரு எங்க?"

போனக்காடு என்று சொல்ல வாயெடுத்தேன். மலையாளத்தில் எனக்குத் தவறாமல் தெரிந்த இடம் அந்தப் பலகாரத் தட்டு ஒன்றுதான். ஆற்றிங்கலுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டேன். சொன்னார். அதற்கு அடுத்த நாள் பேப்பரை யார் தூக்குவது என்று இருவரும் பேசவில்லை.