சித்திக்கு வந்த மசக்கை

எங்கள் வீட்டில் தீர்ப்பு சொல்வது அத்தைதான். அப்பாவுக்கு மூத்தவர். ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். அதே தைரியத்தில் மனிதர்களுக்கும் சொல்வார்.

சித்திக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் தொடையில் இன்சுலின் போட்டுக்கொள்வார். மருந்துக் குப்பி சூடேறாமலிருக்க ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இருக்கும். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லாததற்கு அந்த ஊசியே காரணம் என்பது அத்தையின் தீர்ப்பு. சித்தியைக் கூப்பிடுவதே ‘ஊசிக்காரி’ என்றுதான்.

ஒரு மழைக்காலத்தில் சித்திக்கு லேசாகக் காய்ச்சல். முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார். அத்தை என் அம்மாவிடம் குசுகுசுவென்று ஏதோ கேட்டார். சித்திக்கு நாள் தள்ளிப்போயிருந்ததாம். அவ்வளவுதான், அத்தைக்கு முகமெல்லாம் பல்.

“ஆத்தா, நீ ஒரு சோலியும் பாக்க வேணாம். இப்படி உக்காரு” என்று சித்தி திரும்பி வந்து எடுத்த முறத்தை வாங்கிக்கொண்டார். தன் கையாலேயே கஞ்சி ஊட்டினார். அதுவும் வாந்தியாக வந்தது. மறுநாள் சித்தி ஊசியை எடுத்தபோது அத்தை தடுத்தார்.

“சோறே எறங்கலை, எதுக்கு ஊசி? வயித்துல இருக்குறதுக்கு ஆகாது.”

கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. அம்மாவும் தலையாட்டினார். மணல் பானை பரணுக்குப் போனது. சித்தி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். வாயில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை வந்திருக்க வேண்டும். குமட்டலுக்கென்று அத்தை ஓயாமல் ஏலக்காய் மெல்லக் கொடுத்ததில் அது யாருக்கும் தெரியவில்லை.

சித்தப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கியவருக்குத் தெருவிலேயே நல்ல சேதி சொல்லிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மலையேறி வந்தவர் மாதிரி சித்தி மூச்சு வாங்கியபடி கிடந்தார். கண் சொருகியிருந்தது.

“ஊசி போட்டாளா அக்கா?”

அத்தையின் கண் பரணுக்குப் போனது. சித்தப்பா சித்தியை அள்ளிக்கொண்டு அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மருந்து கலந்து சோதித்ததில் மூத்திரம் கத்தரிப்பூ நிறமாக மாறியதாம். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிட்டது, வாயில் பழ வாடை அடிப்பதும் அதனால்தான், இன்சுலின் இல்லாததால் உடம்பு தன் கொழுப்பையே எரித்திருக்கிறது என்றார் டாக்டர். சோறு இறங்காவிட்டாலும் ஊசியை நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வாந்தி வந்தால் அன்றைக்குத்தான் அது இன்னும் கூடுதலாகத் தேவைப்படும், உடனே தூக்கி வாருங்கள் என்று சித்தப்பாவைத் திட்டினார். வயிற்றில் பிள்ளை இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

சித்தி பிழைத்து வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவர் வந்த அன்று மடியை விட்டு நான் இறங்கவே இல்லை. அத்தை தாமே பானையை இறக்கி, மணலை நனைத்து வைத்தார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் கேட்டேன்.

“அது மசக்கை இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா சித்தி?”

“ரெண்டாம் நாளே தெரியும்டி. கல்யாணத்துக்கு முந்தி ஒருதரம் இப்படித்தான் வந்துச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

சித்தி என் சடையை அவிழ்த்துப் பின்னத் தொடங்கினார். “உங்க அத்தை என்னைய வாய் நெறைய ஆத்தான்னு கூப்பிட்டாங்கடி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னை அத்தை நாள் முழுக்க அப்படித்தானே கூப்பிடுகிறார், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பின்னி முடித்ததும் விளையாடப் போய்விட்டேன்.