அக்காவின் எட்டுத் தட்டுகள்

என் அக்கா வீட்டில் வாரத்துக்கு எட்டு நாள். எல்லோருக்கும் திங்கள், செவ்வாய் என்றால் அவளுக்கு ஒன்றாம் தட்டு, இரண்டாம் தட்டு. பேக்கரியில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு. சூடாக்கிய ஆணியால் அடியில் துளையிட்டு, சலித்த மண்ணை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, எண் எழுதி, பால்கனிக் கம்பியோரம் வரிசையாக வைத்திருப்பாள். தினம் ஒரு தட்டில் முளைவிட்ட கோதுமையைத் தூவ வேண்டும், தினம் ஒரு தட்டை அறுக்க வேண்டும். இன்று தூவாமல் விட்டால் இன்று ஒன்றும் ஆகாது. எட்டாம் நாள் காலையில் டம்ளர் காலியாக நிற்கும்.

அந்த டம்ளர் அத்தானுக்கு. ஏழு வருஷத்துக்கு முன் பிழைப்பாரா மாட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர். மாத்திரைதான் காப்பாற்றியது என்றார் டாக்டர். பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன கோதுமைப்புல் சாறுதான் காப்பாற்றியது என்றார் அத்தான். அக்கா யாரோடும் வாதாடவில்லை, இரண்டையும் கொடுத்தாள். அன்று பிடித்த கத்தரிக்கோலை இன்னும் கீழே வைக்கவில்லை. துணிக்கடை வேலையை விட்டாள். கல்யாணம், சாவு எதற்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். இது போதாதென்று முளைகட்டும் பயறு வேறு, ஜாடி வாயில் துணி கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் என்னை அலசு என்று சாய்ந்து கிடக்கும். எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் வந்து கூட இரு என்று போனில் அழுதாள். அக்காவுக்கும் போக ஆசைதான். ஆனால் மகள் இருப்பது ஒற்றை அறை, அத்தானைக் கூட்டிப்போக முடியாது. அவருக்குக் கை நடுக்கம், தட்டைத் தூக்கினால் மண் முழுக்கத் தரையில். அக்கா புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"நான் இங்க வந்து தங்கறேன். நான் வேலை பாக்கற கண்ணாடிக் கடை இங்கேயிருந்து பத்து நிமிஷம்தான். முதல்ல பத்து நாள் போயிட்டு வா. ஒரு காலையும் தவறலன்னா மூணு மாசத்துக்குக் கிளம்பு."

"ஒரு காலைகூடத் தவறக் கூடாதுடி."

"தவறாது. போ."

ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி ஊறப் போடு, மறுநாள் ஈரத்துணியில் கட்டு, தூவினதும் ஈரக்காகிதத்தால் மூடு, மூன்றாம் நாள் திற, எட்டாம் நாள் அறு. எல்லாம் எழுதினவள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவளுக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

இரண்டாம் நாள் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா கடைசியாகத் தூவிவிட்டுப் போன மூன்று தட்டிலும் முளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. பூஞ்சணம்! இதையா அத்தானுக்குக் கொடுப்பது என்று மூன்றையும் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். நான்காம் நாள் பார்த்தால், நானே தூவின தட்டிலும் அதே பஞ்சு. அழுகை வந்துவிட்டது. கை போன போக்கில் தண்ணீர் தெளித்தேன். பஞ்சு இருந்த இடம் தெரியவில்லை. முகர்ந்தால் நாற்றமும் இல்லை. அது பூஞ்சணமல்ல, வேரின் மெல்லிய ரோமம்; அக்கா எழுதாமல் விட்டது இதைத்தான். மூன்று தட்டு நல்ல பயிரைக் கொட்டியிருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை. கொட்டின தட்டுகளின் முறை, அறுக்கப் புல் இல்லை. ஏழாம் நாளும், எட்டாம் நாளும் இருக்காது. அத்தான் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாயிற்று. நான் பசலைக்கீரையை மிக்ஸியில் அரைத்து வடிகட்டி டம்ளரை நீட்டினேன்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "நீ பிழியறது உங்க அக்கா பிழியறதவிட நல்லா இருக்கும்மா."

மூன்று நாள் பசலை. மூன்று நாளும் பாராட்டு. ஒன்பதாம் நாள் நான் தூவின புல் வந்துவிட்டது.

அக்கா திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போய் தட்டுகளை எண்ணினாள். எட்டும் ஏணிப்படி மாதிரி வளர்ந்து நின்றன. அவள் முகம் இளகியது. அத்தான் வேறு என்னை ஆகா ஓகோ என்று தூக்கி வைத்தார். ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினாள். பாப்பாவுக்குத் தன் மூக்கு என்று தானாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று!

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

"அக்கா, மூணு நாள் வெறும் பசலைதான் குடுத்தேன். அவருக்குத் தெரியவே இல்ல. ஒண்ணும் ஆகவும் இல்ல. நீ இதுல மாட்டிக்கிட்டுக் கிடக்கவே வேணாம்!"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்த மூணு நாள்?"

"ஆறு, ஏழு, எட்டு. ஏன்?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு முடியாம இருந்தப்ப நானும் ரெண்டு நாள் கீரைதான் அரைச்சுக் குடுத்தேன். அப்பவும் அவருக்குத் தெரியல. பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோமே, ஞாபகம் இருக்கா?"

"அது ஊரெல்லாம் வந்த காய்ச்சல். டாக்டரே சொன்னார்."

"டாக்டருக்கு நான் கீரை குடுத்தது தெரியுமா?"

அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினாள், ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டேன். பிறகு கோதுமையை அளந்து ஊறப் போட்டாள். பாப்பாவைக் காப்பகத்தில் விடப்போவதாக மகள் நேற்றுச் சொன்னாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, இப்போதும் சொல்கிறேன். ஆனாலும் தினம் காலையில் எழுந்ததும் போன் செய்து அத்தானுக்கு உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கிறேன். பத்து நாள் தாண்டிவிட்டது, அவர் நன்றாகத்தான் இருக்கிறார், கேட்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. போன வாரம் பேக்கரிக்காரரிடம் இரண்டு பழைய தட்டு கேட்டு வாங்கிவந்தேன். அக்காவுக்கு ஒரு நாள் தவறினால் கைகொடுக்க ஆள் வேண்டுமே. ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒன்றில் காகிதத்தைத் திறக்க வேண்டும்.