சிவப்புத் தரையில் ஒரு வெள்ளைத் திட்டு

தென்காசியில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது, சுத்தம் செய்ய வேண்டியவற்றை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். சாரலில் சுவரில் படர்ந்த பூசணம், அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, ஆணி ஓட்டைகள் எல்லாம் முடிந்தன. கூடத்தில் பீரோ நின்ற இடத்துத் துருக்கறை மட்டும் போகவில்லை. குளியலறைக்கு வாங்கிய ஆசிட்டை அவசரத்தில் ஊற்றினேன். துருவோடு சிவப்புக் காவித் தரையின் நிறமும் போய், தட்டு அகலத்துக்கு வெளுத்துவிட்டது.

சாவி வாங்க வந்த வீட்டுக்கார அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்த பேச்சியக்காவைக் கூப்பிட்டார். அண்ணாச்சி வீட்டிலும் என்னிடமும் வேலை செய்தவர் பேச்சியக்கா.

“ஏட்டி, எங்கப்பா போட்ட தரை. ஆசிட்ட ஊத்திக் கெடுத்துட்டியே!”

“நான் எதுக்கு அண்ணாச்சி இங்கன ஊத்துதேன்? அந்தப் பிள்ளகிட்ட கேளுங்க.”

“அது என்ஜினியருக்குப் படிச்ச பிள்ள. உன்ன மாதிரி கூறுகெட்டதா? நாளையிலிருந்து வீட்டுப் பக்கம் வராத.”

பேச்சியக்கா என்னைப் பார்த்தார். நான் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

மறுநாள், குடிமாறிப் போன மதுரையிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

“அவ வீட்டுக்கே போயிக் கூப்பிட்டேம்மா. வரமாட்டேங்கா. நான் ஏசுனதக்கூட விட்டுட்டா. ‘அந்தப் பிள்ள பாத்துக்கிட்டுத்தான நின்னுச்சு’ன்னே சொல்லுதா.”

ஆசிட்டை யோசிக்காமல் ஊற்றினேன். பையை யோசித்துத்தான் மூடினேன்.